ஒரு பொட்டு மஞ்சள்

…சொல்லவே கூடாது, இந்தத் தடவை செத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று விண்ணரசி நினைத்து முடிப்பதற்குள் அந்தக் குருவி மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டது, குனிந்துவிட்டால் அதுவும் ஒரு குருவி, அவ்வளவுதான், களத்தில் பரப்பிக் கிடக்கிற நெல்லில் நாற்பது ஐம்பது குருவி மேய்கிறது, கூடவே தூக்கணாங்குருவி ஒரு பட்டாளம், சில்லைகள், மாமியார் மருமகள் மாதிரி முறைத்துக்கொண்டு இரண்டு மைனா, தை மாசத்துக் கூட்டம், இதில் ஒன்றே ஒன்று மட்டும் நிமிர்ந்தால் தொண்டையில் ஒரு பொட்டு மஞ்சள் தெரிகிறது என்று சொன்னால் கேட்கிறவர்கள் எதனால் சிரிப்பார்கள், வாயாலா வயிற்றாலா? அதுவும் சொல்வது யார், விண்ணரசி! போன வருஷம் பட்டதே இன்னும் ஆறவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டாள். வெயில் நெல்லில் பட்டுத் தெறிக்கிறது, எல்லாமே மஞ்சளாகத்தான் இருக்கிறது, நெல் மஞ்சள், அதன் தூசி மஞ்சள், தன் கை மஞ்சள், இதில் குருவியின் தொண்டைக்கு மட்டும் தனியாக என்ன மஞ்சள் வேண்டிக் கிடக்கிறது… ஆனால் பார்த்தாளே? இரண்டு தடவை பார்த்தாளே?

கொள்முதல் நிலையத்துக் களத்தில் அவர்களுடையது இருபத்து மூன்றாம் டோக்கன். நான்கு நாளாக நெல் இங்கேதான் கிடக்கிறது, நெல்லுக்குக் காவலாக லியோவும் மூன்று ராத்திரி இங்கேதான் கிடந்தார், கொசு தின்று மிச்சம் வைத்த புருஷனைத்தான் இப்போது வீட்டுக்கு அனுப்பியிருக்கிறாள், குளித்துச் சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று. காலையில் ஈரம் பார்க்கிற மெஷினில் பதினெட்டு காட்டியது. பதினேழுக்குள் வந்தால்தான் எடுப்பார்கள். அதனால் குவியலைக் கலைத்துக் களம் முழுக்கப் பரப்பியாயிற்று, மூன்று மணிக்குப் பட்டியல் எழுதுகிற கிளார்க் வந்து மறுபடி பார்ப்பார், அதற்குள் காய்ந்துவிட வேண்டும். போகும்போது லியோ வண்டியில் உட்கார்ந்தபடியே படித்துப் படித்துச் சொன்னார், “அரசி, அர மணிக்கு ஒருக்கா காலால கிண்டி விட்டுக்கிட்டே இரு. அடி நெல்லு மேல வரணும். குருவிய அண்ட விடாத. இன்னிக்கு விட்டா திங்கக்கெழமதான், இன்னும் ரெண்டு ராத்திரி இந்தத் தார்ப்பாயிக்குள்ள என்னால கெடக்க முடியாது, சொல்லிட்டேன்.” பாவம்தான். ஒரு மணிக்கு நல்ல பிள்ளையாக ஒரு கிண்டு கிண்டினாள், வலது காலால் சால் போட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. பறவையெல்லாம் எழும்பி மின்கம்பியில் போய் உட்கார்ந்து, இவள் குடைக்குள் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக இறங்கின. இறங்கியதில் ஒன்று நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தது. அங்கேதான் வினை ஆரம்பித்தது.

மணி இப்போது ஒன்று முப்பத்தைந்து. கிண்ட வேண்டும். கிண்டினால் பறந்துவிடும், பறந்தால் திரும்பி வரும்போது இதுவும் வரும் என்று என்ன உத்தரவாதம், கம்பியில் இருப்பதெல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிகிறது… ஐந்து நிமிஷம், ஐந்தே நிமிஷம், அதற்குள் என்ன குடி முழுகிவிடும்? பக்கத்துக் குவியல் வீரையன் அண்ணன், இருபத்து நாலாம் டோக்கன், டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார், தூக்கத்திலேயே இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை “ஏஏய்… ச்சூ…” என்று ஒரு சத்தம், அதை எந்தக் குருவியும் காதில் வாங்குவதாக இல்லை. அவருடைய நெல் காலையிலேயே நன்றாகக் காய்ந்துவிட்டது, முறை வரவில்லை என்றுதான் படுத்திருக்கிறார், படுத்திருப்பவருக்கு என்ன கவலை. இவளுக்குத்தான் ஒரு கண் கடிகாரத்தில், ஒரு கண் குருவியில், மூன்றாவது கண் ஒன்று இருந்தால் லியோ வருகிற ரோட்டில் வைக்கலாம்.

போன வருஷம் நடந்ததை நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை, கொட்டகை ஓரம், வைக்கோல் போரில் ஒரு குருவி, தொண்டையில் மஞ்சள். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில், சத்துணவு அமைப்பாளர் அவள், அறிவியல் டீச்சர் செம்மொழி பொங்கல் லீவில் பறவைக் கணக்கு எடுக்க ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தாள், தட்டுக் கழுவுகிற இடத்துக்கு என்னென்ன பறவை வருகிறது என்று விண்ணரசி அக்காவுக்குத்தான் தெரியும் என்று சொல்லி அவளையும் சேர்த்திருந்தாள், அந்தக் குழுவில் ஒரு படம் கொடுத்திருந்தார்கள், மஞ்சள் தொண்டைச் சிட்டு, நம் பக்கம் பார்ப்பது அபூர்வம் என்று. அதேதான்! போனில் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டாள், போட்ட கையோடு லியோவிடமும் காட்டினாள். லியோ படத்தைப் பார்த்தார், குருவியைப் பார்த்தார், பிறகு மெதுவாக விரலை நீட்டிக் கொட்டகை வாசலைக் காட்டினார். முந்தின நாள் பங்குச் சாமியார் வந்து மாடுகளுக்குத் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போன பிறகு லியோ மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்த பித்தளை அண்டா, அப்படியே இருந்தது. அதன் விளிம்பில் நாலைந்து குருவி, இறங்கி, முங்கி, சிலிர்த்து… “உன் அபூர்வக் குருவி குளிச்சிட்டு வந்துருக்கு, போ” என்றார். சிரித்தார். அவளும் சிரித்தாள், என்ன சிரிப்பு, விலா வலிக்கச் சிரித்தாள். ஓடிப்போய்க் குழுவில் போட்ட படத்தை எல்லோருக்குமாக அழித்துவிட்டு, ‘மன்னிக்கவும், அது மஞ்சள் தண்ணியில் குளித்த ஊர்க்குருவி’ என்று எழுதினாள். குழுவே விழுந்து விழுந்து சிரித்தது, வரிசையாகக் கண்ணீர் வழியச் சிரிக்கிற பொம்மை முகங்கள். செம்மொழி டீச்சர் மட்டும் அன்றைக்குச் சிக்னல் இல்லாத அம்மா வீட்டில் இருந்தாள், அவள் பார்ப்பதற்குள் படமும் இல்லை, பேச்சும் முடிந்துவிட்டது. தன் போனிலிருந்தும் அழித்துவிட்டாள் விண்ணரசி. மானம் போன பிறகு படம் எதற்கு?

ஆனால் லியோ சும்மா இருப்பாரா. அவள் அழிப்பதற்கு முன்னாலேயே அந்தப் படத்தைத் தன் போனுக்கு மாற்றிக் குவைத்தில் இருக்கிற தம்பி அருள்பிரகாஷுக்கு அனுப்பியிருந்தார், அந்தப் புண்ணியவான் குருவியை வெட்டி எடுத்து வாட்ஸப் ஸ்டிக்கர் செய்து, கீழே ‘அப்படியா?’ என்று எழுதிக் குடும்பக் குழுவில் விட்டுவிட்டான். முழுப் படம் அவர்கள் இருவர் போனிலிருந்தும் எப்போதோ போய்விட்டது, ஒரு வருஷமாக ஸ்டிக்கர்தான் ஓடுகிறது. நாத்தனார் இந்த மாசம் உடம்பு இளைக்கப் போகிறேன் என்றால் அந்தக் குருவி. லியோ இனிமேல் சீட்டாட மாட்டேன் என்றால் அந்தக் குருவி. ஏன், இவளே இரண்டு தடவை அனுப்பியிருக்கிறாளே, ஊரோடு சேர்ந்து தன்னைத் தானே கேலி செய்துகொள்வதில் இவளுக்கு நிகர் யார்?

ஒன்று ஐம்பது. குருவி இரண்டு கஜம் நகர்ந்து அருகில் வந்திருந்தது. விண்ணரசி குடையை மடக்காமல் அப்படியே தரையில் சாய்த்து, அதன் பின்னால் குப்புறப் படுத்தாள், நாற்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை கொள்முதல் களத்தில் குப்புறப் படுத்திருப்பதை யாராவது பார்த்தால் மயக்கம் போட்டுவிட்டாள் என்று சோடா வாங்க ஓடுவார்கள். போனை எடுத்தாள். ஒன்று, இரண்டு, ஐந்து… எடுத்ததெல்லாம் முதுகு. தலையை நெல்லுக்குள் விட்டிருக்கிறது. எட்டு, பத்து, முதுகு, முதுகு, ஒரு படத்தில் அவளுடைய கட்டைவிரல், ஒன்றில் மைனாவின் கால். ராசா, ஒரே ஒரு தடவை நிமிரேன், உனக்கு என்ன, எங்கள் நெல்லைத்தானே தின்கிறாய், தின்றதற்கு ஒரு தடவை முகத்தைக் காட்டக் கூடாதா? நிமிர்ந்தது. மஞ்சள்! சின்னதாக, உருண்டையாக, வெள்ளைத் தொண்டைக்குக் கீழே ஒரு பொட்டு. விரல் அழுத்துவதற்குள் குனிந்துவிட்டது. படத்தில் மறுபடியும் முதுகு. இங்கே எந்த அண்டாவும் இல்லையே என்று அவசரமாகச் சுற்றிலும் பார்த்தாள். மஞ்சள் தண்ணீர் இல்லை, பெயின்ட் இல்லை, டீக்கடைப் பஜ்ஜி மாவு கூட இல்லை. தார்ப்பாய் நீலம். இருந்தும் மனசு அடங்கவில்லை, மகரந்தமாக இருக்குமோ, வெயில் கோளாறோ… உனக்கு அப்படித் தோணுது அரசி.

அது லியோ சொல்வது. கோபமாகச் சொல்ல மாட்டார், அன்பாகத்தான், தலையில் கை வைத்துக்கூடச் சொல்வார், “உனக்கு அப்படித் தோணுது.” மூன்று வருஷத்துக்கு முன்னால் தாளடிப் பயிரில் தூருக்கு அடியில் பழுப்பாகப் பூச்சி மொய்க்கிறது, புகையான்தான் என்று இவள் சொன்னபோதும் தோணுதுதான். வயலுக்கு நடுவில் பயிர் வட்டமாகக் கருகிப்போன பிறகு மருந்துக் கடைக்காரர் வந்து புகையான் என்றார், உடனே லியோவும் புகையான் என்றார், அதைவிடக் கேவலம், இவளும் ஏதோ அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி “ஐயோ, புகையானா?” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? கோடியக்கரைக்குச் செம்மொழி டீச்சர் அழைத்துப் போனபோதும் இதே கதை, ஸ்டாண்டு போட்ட பெரிய தொலைநோக்கியில் பூநாரைக் கூட்டம் பார் என்றார்கள், இவள் கண்ணை வைத்தாள், எந்தக் கண்ணை மூடுவது என்று குழம்பித் தன் இமை மயிரைத்தான் பார்த்தாள், வேலிக் கம்பி மாதிரி பெரிசு பெரிசாக. “அழகா இருக்குல்ல அக்கா?” “ரொம்ப அழகு டீச்சர்.” பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல நாக்கு கூசவில்லை, பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்லத்தான் கூசுகிறது. இது என்ன புத்தி? நினைக்க நினைக்கத் தன் மேலேயே கோபம் வந்தது, கோபத்தோடு கூடவே சிரிப்பும் வந்தது, வயிறு குலுங்கியதில் நெல் நகர்ந்து இரண்டு சில்லை எட்டிப் பறந்தன. அசையாதே விண்ணரசி. மணி இரண்டு பத்து. இரண்டு கிண்டு போயிற்று. போகட்டும்.

நாற்பத்து மூன்று படம். ஒன்றில்கூடத் தொண்டை இல்லை. இருப்பதில் தெளிவான முதுகாகப் பார்த்து ஒன்றை எடுத்து, குழுவில் போடாமல், செம்மொழி டீச்சருக்கு மட்டும் அனுப்பினாள். கீழே என்ன எழுதுவது? ‘மஞ்சள் தொண்டை’ என்று அடித்தாள், அழித்தாள். ‘தொண்டை மஞ்சளா இருந்த மாதிரி’ என்று அடித்தாள், அதையும் அழித்தாள். கடைசியில் ‘சும்மா அனுப்புறேன் டீச்சர், இது சாதாக் குருவிதானே?’ என்று எழுதி, விரல் அனுப்பிவிட்ட பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டாள். அவர்கள் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் நீயே இல்லை என்று சொல்லிக்கொடுக்கிறாயே, சனியனே.

இரண்டு நீல டிக் விழுந்தது, டீச்சர் பார்த்துவிட்டாள். பதில் எழுத்தில் வரவில்லை, குரலில் வந்தது. போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். “அக்கா! எங்க இருக்கீங்க? அத வெரட்டிடாதீங்க! முதுகப் பாருங்க அக்கா, ஊர்க்குருவின்னா முதுகுல கறுப்புக் கோடு கோடா இருக்கும். இதுக்குக் கோடே இல்ல, ஒரே நெறம், தோள்ல மட்டும் செங்கல் கலர்ல ஒரு திட்டு. மஞ்சத்தொண்டையேதான், சந்தேகமே இல்ல. நம்ம பக்கம் நான் ஒண்ணுகூட இதுவரைக்கும் பார்த்ததில்ல. ஐயோ, பொறாமையா இருக்கு அக்கா!” விண்ணரசி அதை இரண்டாம் தடவை கேட்டாள், மூன்றாம் தடவையும் கேட்டாள். தொண்டையே வேண்டாமாம். வீணாய்ப்போயிற்று என்று நினைத்த நாற்பது முதுகும் அத்தனையும் சாட்சியாம். குடைக்குப் பின்னால் படுத்தபடியே இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தரையில் உதைத்துக்கொண்டாள், சின்னப் பெண் மாதிரி, சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு எழுத்தில் ஒன்று வந்தது. ‘அக்கா, போன வருஷம் ஒரு படம் போட்டு அழிச்சீங்களே, அது இருக்கா? அதுலயும் முதுகப் பார்த்துடலாம்.’

எது, அதுவா? அது குளித்த குருவிதானே டீச்சர்… என்று அடிக்கப் போன விரல் நின்றது. அப்போதுதான் டிராக்டருக்கு அடியிலிருந்து வீரையன் அண்ணன் எழுந்தார், ரோட்டில் கிளார்க்கின் வண்டி, அதற்குப் பின்னாலேயே லியோவின் வண்டி. நெற்றியில் விபூதியும் கையில் மெஷினுமாகக் கிளார்க் நேராக வந்து, அடியிலிருந்து ஒரு கைப்பிடி நெல்லை எடுத்துப் போட்டார், திருகினார், பார்த்தார். “பதினேழு புள்ளி நாலு. இன்னுங் கொஞ்சம் காயணுமே லியோ. நாலரைக்கு மறுபடி பாக்குறேன், வந்தா எடுத்துக்கலாம். வீரையன், உங்களுத போட்டுருவோமா?” வீரையன் அண்ணனுக்குச் சங்கடம். “தங்கச்சி, நான் முன்னால போறேன்னு தப்பா எடுத்துக்காத” என்று சொல்லிக்கொண்டே சாக்கை உதற ஓடினார்.

லியோ நெல்லைப் பார்த்தார். இவள் ஒரு மணிக்குப் போட்ட சால் தவிர வேறு கால் தடம் இல்லை, அதற்கு மேலே முழுக்கக் குருவிக் கால் கோலம். இவளைப் பார்த்தார், முன்பக்கம் முழுக்கத் தூசி. “கிண்டி விட்டியா?”

“ஒருக்காதான்.”

“அப்பறம்?”

“அப்பறம் இல்ல.” வழக்கமாக இந்த இடத்தில் ஒரு தலைவலியோ தலைச்சுற்றலோ வரும், இன்றைக்கு வரவில்லை. “குருவி பார்த்துக்கிட்டு இருந்தேங்க. மஞ்சத்தொண்ட. டீச்சரும் அதான்னு சொல்லிட்டாங்க.”

லியோ செருப்பைக் கழற்றி வீசிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நெல்லில் இறங்கி வேகவேகமாகக் காலால் கிண்ட ஆரம்பித்தார், மொத்தக் கூட்டமும் எழும்பிக் கம்பிக்குப் போயிற்று, கறுப்புக் கறுப்பாக, அதில் எது அது என்று இனி கடவுளுக்குத்தான் தெரியும். நான்கு சால் போனதும் கோபம் இறங்கிவிட்டது போலிருக்கிறது, கோடியில் திரும்பும்போது வாய்க்குள் சிரித்துக்கொண்டு, ஒரு கையால் போனை எடுத்து ஏதோ தட்டினார். அவளுடைய போன் துள்ளியது. குடும்பக் குழு. அந்தக் குருவி. ‘அப்படியா?’

அவளுக்கும் சிரிப்பு வந்தது, வரத்தான் செய்தது, பழக்கம். ஆனால் சிரித்துக்கொண்டே பார்த்தாள். ஒரு வருஷத்தில் இருநூறு தடவை பார்த்த குருவி, ஒரு தடவையாவது பார்த்தாளா? அருள்பிரகாஷ் கழுத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டியிருக்கிறான். தலை, அலகு, தொண்டை, நெஞ்சில் ஒரு விரற்கடை. தலையில் இறகு ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நெஞ்சு பஞ்சு மாதிரி, காய்ந்து, சுத்தமாக. நடுவில் சின்னதாக, உருண்டையாக… விளிம்பில் நாலைந்து குருவி முங்கிக்கொண்டிருந்தது, அது உண்மை, அதைப் பார்த்தாள். இது முங்கியதைப் பார்த்தாளா? யார் பார்த்தார்கள்? லியோ விரலை நீட்டினார், இவள் சிரித்தாள், சிரித்த வேகத்தில் ஓடிப்போய் அழித்தது யார், லியோவா? குழுவா? ஒருவரும் அழி என்று சொல்லவில்லையே.

“ஏங்க, இங்க ஒரு நிமிஷம் வாங்க.”

“கிண்ட வேணாமா?”

“வாங்கங்கறேன்ல.”

வந்தார். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். “குளிச்சிட்டு வந்த குருவின்னீங்களே. எங்கயாவது ஒரு எறகு நனஞ்சிருக்கா பாருங்க. அண்டாவுல முங்குனா, தொண்டைல மட்டும் எப்படிங்க மஞ்சள் ஒட்டும்?”

லியோ கேலியாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். போனை அவள் கையிலிருந்து வாங்கி, வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இப்படிச் சாய்த்து அப்படிச் சாய்த்து வெகு நேரம் பார்த்தார். “முதுகப் பார்த்தா தெரிஞ்சிடுமாம், டீச்சர் சொன்னாங்க” என்றாள் விண்ணரசி. அவர் படத்தின் ஓரத்தில் விரலை வைத்துக் கீழேயிருந்து மேலே ஒரு தடவை இழுத்தார், இன்னொரு தடவை இழுத்தார். அதற்குக் கீழே குருவி இல்லை. விண்ணரசி பாவாடை தெரியச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் விட்ட இடத்திலிருந்து நெல்லைக் கிண்ட ஆரம்பித்தாள்.